கல்லுக்கு ஊர் கேட்ட கதை

கோவிலூர் மடத்தில் முன்பின் தெரியாத இரண்டு நகரத்தார் சந்தித்தால், பேச்சு சீக்கிரமே "நீங்க எந்தக் கோவில்?" என்பதில் வந்து நிற்கும். இளையாத்தங்குடி, மாத்தூர், வைரவன்பட்டி என்று ஒன்பது கோவில்களில் ஒன்றைச் சொன்னால் போதும், வழிமுறை விளங்கிவிடும். கல்லிடமும் இதையே கேட்கலாம். பனி சுமந்து வந்த கல் என்றால், கேட்டே ஆகவேண்டும்.

நம் நாட்டில் அந்த விசாரணை 1856இல், ஒரிசாவின் தால்ச்சர் நிலக்கரிப் பகுதியில் தொடங்கியது. நிலவியலாளர்களான பிளான்ஃபோர்டு சகோதரர்களும் தியோபால்டும் அங்கே கரிக்கும் கீழே, மாவு போன்ற வண்டலுக்குள் பெரும் பாறைகள் பதிந்திருப்பதைக் கண்டார்கள். பாறையை உருட்டுகிற வெள்ளத்தில் வண்டல் தங்காது. வண்டல் படிகிற நீரில் பாறை நகராது. இரண்டையும் சேர்த்துக் கொண்டுவந்து இறக்கப் பனிக்கட்டியால் முடியும் என்று அவர்கள் எழுதினார்கள். வெயில் கொளுத்தும் நாட்டில் நின்றுகொண்டு அப்படி எழுதிய துணிச்சலை நினைத்தால் எனக்கு இன்றும் சிலிர்க்கிறது. 1872இல் பென்கங்கா ஆற்றங்கரையில், இன்றைய சந்திரபூர்ப் பக்கம், சாட்சி கிடைத்தது: வழவழவெனத் தேய்ந்த சுண்ணாம்புப் பாறை, அதன்மேல் இணையிணையாகக் கீறல்கள்.

பனி எங்கிருந்து புறப்பட்டது? இன்று பாகிஸ்தானில் இருக்கும் உப்பு மலைத்தொடரின் பனிப்படிவில், ஜோத்பூர்ப் பக்கத்து மலானி எரிமலைப் பாறைத் துண்டுகள் கிடக்கின்றன. அப்படியானால் பனி ராஜஸ்தானிலிருந்து வடக்கே நடந்திருக்கிறது. இமயம் அனுப்பியதல்ல, சுமார் 30 கோடி ஆண்டுகளுக்கு முன் இமயமே கிடையாது.

தெற்கு ஆஸ்திரேலியாவிலும் பிரேசிலிலும் அதே காலத்துக் கீறல்கள், பனி இன்றைய கடல் பக்கமிருந்து கரையேறியதாகக் காட்டின. கடலில் அத்தனை பெரிய பனிப்பாளம் பிறக்காது. 1912இல் கண்டங்கள் நகர்ந்தன என்று சொன்ன வேகனர், இந்த நிலங்களைத் தென்துருவத்தைச் சுற்றி ஒட்டிவைத்துப் பார்த்தார். சிதறிக் கிடந்த பனித்தடங்கள் ஒரே நிலத்தின் தடங்களாயின.

அந்த நிலத்தின் பெயர் கோண்டுவானா, கோண்டு மக்களின் நாட்டிலிருந்து எடுத்தது. சிவகங்கைப் பக்கத்திலும் கோண்டுவானாப் பாறைகள் உண்டு. ஆனால் அவை பிந்தியவை. பனியெல்லாம் உருகிப் பல கோடி ஆண்டுகள் கழித்துப் படிந்தவை. அவற்றில் பதிந்திருப்பது இலைகள்.