கவாத்துக் கத்தி திறந்த வாசல்

நீலகிரித் தோட்டங்களின் சரித்திரம் என்றால் துரைமார் பங்களாக்களும் மலை ரயிலுமே நம் நினைவுக்கு வருகின்றன. ஆனால் அந்தச் சரிவுகளில் எந்தப் பயிர் நிலைக்கும், எது மறையும் என்பதைப் பெரும்பாலும் தீர்மானித்தவை கண்ணுக்குப் புலப்படாத பூஞ்சாணங்களே என்பது என் துணிபு. 1869இல் இலங்கையில் தலைகாட்டிய காப்பி இலைத்துரு சில வருஷங்களுக்குள் தென்னிந்திய மலைகளுக்கும் வந்து காப்பியைத் தளர்த்த, அதற்கு முன் சிற்சில இடங்களில் பரீக்ஷார்த்தமாகவே நடப்பட்டிருந்த தேயிலைக்கு இடம் விரிந்தது. 1946இல் கொப்புள நோய் தென்னிந்தியத் தேயிலையையும் தொட்டது. கொழுந்திலேயே கை வைத்த நோயாதலால் எல்லோரும் பதறி விழித்துக்கொண்டார்கள். தாமிர மருந்து தெளிப்பது வழக்கமாயிற்று.

கட்டைக்குள் குடியேறும் அழுகல் அப்படிப் பறைசாற்றிக்கொண்டு வருவதில்லை. நான்கைந்து வருஷங்களுக்கு ஒரு முறை செடியைக் கவாத்து செய்யும்போது, (பட்டாளத்துப் பயிற்சிக்கும் இதே பெயர்தான், செடிகளை ஒரே உயரத்தில் அணிவகுத்து நிறுத்தும் வேலைக்கு அது பொருந்தாமலும் இல்லை) இலைக்கூரையை இழந்த கிளைகளின் பட்டை வெயிலில் வெந்துபோகிறது, அந்தப் புண்ணிலும் கத்தி வெட்டிய வாயிலும் ஹைப்பாக்ஸிலான் என்னும் பூஞ்சாணத்தின் வித்துகள் விழுந்து முளைக்கின்றன. வருஷங்கள் கழித்துக் கிளையின் மேல் கரி பூசியது போன்ற திட்டுகள் தெரியும்போது உள்மரம் உளுத்துப் போயிருக்கும்.

பிரான்ஸ் தேசத்துத் திராக்ஷைத் தோட்டக்காரருக்கும் இதே துன்பம்தான். அங்கேயும் கவாத்துக் காயமே வாசல். ஆனால் ஒரு விசித்திரம் உண்டு. இலை கருகி, தளிர் குன்றி நிற்க, அந்த இலையில் பூஞ்சாணத்தைத் தேடினால் கிடைக்காது. அது அடித்தண்டிலேயே தங்கி, யூடைபீன் முதலிய விஷங்களைச் சுரந்து, அவற்றைச் சாற்றோட்டத்தில் ஏற்றி அனுப்புகிறது என்பதே ஆராய்ச்சியாளர் கண்ட விளக்கம். எஸ்கா என்னும் மற்றொரு கட்டை நோய்க்கு அந்தத் தோட்டக்காரர்கள் வெகுகாலம் சோடியம் ஆர்ஸினைட் என்ற பாஷாணத்தை அடித்துவந்தார்கள். அது மனிதருக்கே எமனாகும் என்பதால் 2001இல் தடை செய்யப்பட்டது.

நம் மலையில் கைகண்ட வைத்தியம் எளியது. கவாத்துக்கு முன் வேரின் ஒரு துண்டை வெட்டி அயோடின் தடவிப் பார்ப்பார்கள். கருநீலமாக மாறினால் மாவுச்சத்து போதும், செடி வெட்டைத் தாங்கும். பிறகு நோயுற்ற பகுதியை நல்ல மரம் தெரியும் வரை அறுத்தெறிந்து, வெட்டிய கிளைகளையே செடிமேல் பரப்பி வெயிலை மறைப்பார்கள். குன்னூர்ப் பக்கம் போகும் வாசகர் கவாத்தான செடிகளின் வெட்டுவாயில் நீலப்பச்சைப் பூச்சைக் கண்டால், அதை ஏதோ அடையாளச் சாயம் என்று எண்ண வேண்டாம். அது ஆளிவிதை எண்ணெயில் குழைத்த தாமிர மருந்து.