கிணத்துல உப்பு போட்டது யாரு?

எங்கள் குடியிருப்பில் எட்டு வீடு, ஒரு போர், ஒரு பழைய உறைக்கிணறு. கிணற்றை மூடி கான்கிரீட் போட்டுவிட்டால் இரண்டு கார் நிறுத்தலாம் என்று போன மே மாத அசோசியேஷன் கூட்டத்தில் ஒரு யோசனை வந்தது. யாரும் எதிர்க்கவில்லை. "வாயில வைக்க முடியல தம்பி. கடல் உள்ள வந்துடுச்சு. இனிமே அது இருந்தா என்ன, இல்லாட்டி என்ன?" என்றார் மாடி வீட்டுப் பெரியவர்.

குரோம்பேட்டையில் கடலா? கிழக்கே நேர்க்கோடு போட்டால் நீலாங்கரை கடற்கரை பத்து கிலோமீட்டருக்கு மேல். ஆனால் சென்னையில் "கடல் உள்ள வந்துடுச்சு" என்பதற்கு ஒரு பழைய வரலாறு இருக்கிறது, பெரியவர் சும்மா சொல்லவில்லை. இரண்டு வாரம் டைம் கொடுங்கள் என்று கேட்டேன். அது ஏழு மாதம் ஆனது. அந்த நோட்ஸ்தான் இது.

முதலில் ஏழுகிணறு. கேப்டன் பேக்கர் என்பவரின் திட்டப்படி 1772-ல் கோட்டைக்குத் தண்ணீர் கொடுக்க வெட்டிய கிணறுகள். இன்றும் ஜார்ஜ் டவுனுக்கு அருகில் அந்தப் பெயரில் ஒரு பகுதியே இருக்கிறது. கடலிலிருந்து கூப்பிடு தூரம் என்று சொல்லலாம், ஆனாலும் நல்ல தண்ணீர். எப்படி? மணலில் இறங்கும் மழைநீர் அடியில் இருக்கும் உப்புநீரோடு உடனே கலந்துவிடாது. எடை குறைவு என்பதால் அதன்மேல் ஒரு லென்ஸ் மாதிரி மிதக்கும்.

இதைக் கணக்காக எழுதியவர்கள் இரண்டு பேர். டச்சு ராணுவப் பொறியாளர் பேடன் கைபென் 1880களின் இறுதியில், ஜெர்மனியின் ஹெர்ஸ்பெர்க் 1901-ல். ஒருவருக்கு மற்றவர் செய்தது தெரியாது. கணக்கு ரொம்ப எளிது. நல்ல தண்ணீரின் அடர்த்தி 1, கடல்நீருடையது 1.025. வித்தியாசம் நாற்பதில் ஒரு பங்கு. அதனால் நிலத்தடி நீர் கடல் மட்டத்துக்கு மேல் 1 மீட்டர் நின்றால், கடல் மட்டத்துக்குக் கீழே சுமார் 40 மீட்டர் ஆழம் வரை நல்ல தண்ணீர். திருப்பிப் படித்தால்தான் பயம் வரும்: மேலே 1 மீட்டர் இறைத்துக் குறைத்தால், கீழே உப்பின் எல்லை 40 மீட்டர் எழும்பிவிடும். உடனே இல்லை, மெதுவாக. மெதுவாக நடப்பதால்தான் யாருக்கும் தெரிவதில்லை.

சென்னையில் இந்தக் கணக்கு நிஜமானது வடக்கே, மீஞ்சூரில். 1966-69-ல் ஐ.நா. வளர்ச்சித் திட்டத்தின் உதவியோடு ஆரணியாறு, கொசஸ்தலை ஆற்றுப் படுகையில் ஆய்வு நடந்தது. மீஞ்சூர், பஞ்செட்டி, தாமரைப்பாக்கம் என்று கிணற்று வயல்கள் அமைத்தார்கள். ஊருக்கும் தண்ணீர், மணலி ஆலைகளுக்கும் தண்ணீர், நடுவில் விவசாயிகளின் நெல்லுக்கும் அதே தண்ணீர். 1969-ல் கடற்கரையிலிருந்து சுமார் 3 கி.மீ. உள்ளே இருந்த உப்பின் எல்லை, 1980களின் இறுதியில் சுமார் 9 கி.மீ. வரை வந்துவிட்டது. கடல் பக்கமிருந்த கிணறுகளைக் கைவிட வேண்டி வந்தது. ஆக, "பத்து கிலோமீட்டர் தள்ளி இருக்கோம், நமக்கென்ன" என்று என்னால் பெரியவரிடம் சொல்ல முடியவில்லை.

தெற்கே திருவான்மியூரிலிருந்து கோவளம் வரை நிலைமை இன்னும் நுட்பமானது. கிழக்கே வங்கக் கடல். மேற்கே பக்கிங்காம் கால்வாய், அதிலும் ஓதம் ஏறி இறங்கும் உப்புத் தண்ணீர். நடுவில் ஒரு ரிப்பன் மாதிரி மணல். அந்த மணலில் மழை விட்டுப்போன தண்ணீர்தான் சொத்து. மெட்ரோ வாட்டர் அங்கே கிணறுகள் போட்டு இறைத்தது, லாரிக்காரர்கள் இறைத்தார்கள், வந்து குடியேறியவர்களும் இறைத்தார்கள்.

சென்னைப் பெருநகர நிலத்தடி நீர் ஒழுங்குமுறைச் சட்டம் 1987-ல் வந்ததற்கு இந்தக் கடலோர மணலும் ஒரு காரணம். கிணறு தோண்ட அனுமதி, விற்பனைக்காக இறைத்து லாரியில் ஏற்ற லைசென்ஸ் என்று இந்தியாவில் இந்த விஷயத்தில் முன்னோடியான சட்டம் அது. மாநிலம் முழுமைக்கும் 2003-ல் இன்னொரு சட்டம் இயற்றினார்கள். அது நடைமுறைக்கே வராமல் 2013-ல் ரத்தாச்சு. பத்து வருஷம் கோப்பிலேயே வாழ்ந்து கோப்பிலேயே போய்ச் சேர்ந்த சட்டம்.

சட்டத்தை விட அதிகம் வேலை செய்தது மழைநீர் சேகரிப்பு என்பது என் கருத்து. பெசன்ட் நகரில் சேகர் ராகவன் 1990களின் நடுவிலேயே வீடு வீடாகப் போய், கடல் உள்ளே வருகிறது, மொட்டைமாடித் தண்ணீரை மணலுக்குள் விடுங்கள் என்று சொல்லிக்கொண்டிருந்தார். கேட்டவர்கள் கொஞ்சம் பேர்தான். 2003-ல் அரசு எல்லாக் கட்டடங்களுக்கும் கட்டாயம் ஆக்கிய பிறகுதான் ஊர் கேட்டது. கலிபோர்னியாவின் ஆரஞ்சு கவுண்டியில் 1976-லேயே சுத்திகரித்த கழிவுநீரை வரிசையாகக் கிணறுகளில் செலுத்தி, கடலுக்கு எதிரே நிலத்தடியில் ஒரு தண்ணீர்ச் சுவரே எழுப்பினார்கள். நம்ம சுவர் பிவிசி பைப்பில் வந்தது. பரவாயில்லை, தத்துவம் ஒன்றுதான்.

இங்கே அளப்பதைப் பற்றிக் கொஞ்சம் புலம்ப வேண்டும். மத்திய நிலத்தடி நீர் வாரியம் கண்காணிப்புக் கிணறுகளை வருஷத்துக்கு நான்கு முறை அளக்கிறது: ஜனவரி, மே, ஆகஸ்ட், நவம்பர். மெட்ரோ வாட்டர் மாதாமாதம் பகுதிவாரியாகச் சராசரி வெளியிடுகிறது. இவற்றை இறக்கி கிராஃப் போடுவது எனக்குப் பொழுதுபோக்கு. போடப் போடத்தான் ஒன்று உறைத்தது. நம் கண்ணில் படும் எண் எல்லாம் "தரைக்குக் கீழே இத்தனை மீட்டர்". கடலுக்கு நம் தரை எங்கே இருக்கிறது என்று தெரியாது. கடலோரத்தில் தரை 4 மீட்டர் உயரம், தண்ணீர் 5 மீட்டர் ஆழம் என்றால் நீர்மட்டம் கடலுக்குக் கீழே 1 மீட்டர். கடல் உள்ளே வரலாம். அதே 5 மீட்டர் குரோம்பேட்டையில் ஒன்றுமே இல்லை. எக்செல்லில் இரண்டும் ஒரே நிறத்தில் நிற்கும்.

இன்னொரு ஏமாற்று வேலையும் உண்டு. கடலோரத்தில் இறைத்த தண்ணீரின் இடத்தைக் கடல் நிரப்பிவிடும். மட்டம் பெரிதாக இறங்காது. கிராஃப் அமைதியாக இருக்கும், தண்ணீர் மட்டும் மாறிக்கொண்டே இருக்கும். அதனால் மட்டத்தோடு மின்கடத்துதிறனையும், அதுவும் ஒரே ஆழத்தில் இல்லாமல் கிணற்றில் மேலிருந்து கீழே இறக்கி இறக்கி அளக்க வேண்டும். எந்த ஆழத்தில் எண் திடீரென்று குதிக்கிறதோ அங்கே உப்பு நிற்கிறது. எவ்வளவு கலந்தால் கெடும்? கடல்நீரில் லிட்டருக்குச் சுமார் 19,000 மி.கி. குளோரைடு. வெறும் 2 சதவீதம் கலந்தாலே 380 மி.கி. குடிநீருக்கு இந்தியத் தர நிர்ணயத்தின் ஏற்கத்தக்க அளவு 250. குடத்தில் ஒரு டம்ளர் கூட வேண்டாம்.

சரி, எங்கள் கிணறு. மீனம்பாக்கம் விமான நிலையமே கடல் மட்டத்துக்கு மேல் 16 மீட்டர். அங்கிருந்து தாம்பரம் பக்கம் தரை மெல்ல ஏறுகிறது. மே மாதக் கோடையில் கயிறு கட்டி டேப் இறக்கி அளந்தேன்: தண்ணீர் தரையிலிருந்து 7.2 மீட்டர் கீழே. எப்படிக் கணக்குப் போட்டாலும் கடலுக்கு மேல் எட்டு மீட்டருக்குக் குறையாது. மேடேறிக் கடல் வராது. ஆழமான போர்களில் மோட்டார் ஓடும்போது மட்டம் கடலுக்குக் கீழே போகலாம்தான். ஆனால் நமக்கு அடியில் இருப்பது மீஞ்சூர் ஆற்று மணல் இல்லை, சார்னோகைட் பாறை. (ஜாப் சார்னாக்கின் கல்கத்தா கல்லறைக் கல்லை 1890களில் ஆராய்ந்த தாமஸ் ஹாலண்ட் வைத்த பெயர். அந்தப் பாறைக்கு உலக அளவில் முகவரியே நம்ம பல்லாவரம், பரங்கிமலைப் பக்கம்தான்.) மேலே சிதைந்த அடுக்கு, கீழே அங்கங்கே வெடிப்புகள், அவ்வளவுதான். அதற்குள் பத்து கிலோமீட்டர் உப்பு நடந்து வருவது நடக்கிற காரியமாகத் தெரியவில்லை.

அப்புறம் யார்? என் அடுத்த சந்தேகம் ஊரின் பெயர் மேலேயே விழுந்தது. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஆல்ஃபிரட் சாட்டர்டன் சென்னை ஓவியக் கல்லூரியில் குரோம் முறையில் தோல் பதனிடுவதைச் சோதித்துப் பார்த்தார். அதன்பின் இங்கே வந்த குரோம் லெதர் கம்பெனியால்தான் குரோம்பேட்டை. ஆவாரம்பட்டையில் வாரக்கணக்கில் ஊறிய வேலை, குரோம் உப்பில் சீக்கிரம் முடிந்தது. பிற்பாடு நாகல்கேணியில் நூற்றுக்கும் மேற்பட்ட டேனரிகள் வந்தன. கேணி என்று பெயரிலேயே கிணறு வைத்திருக்கும் இடம்.

டேனரி என்றால் எல்லோரும் குரோமியத்தைத்தான் பேசுவார்கள். அளவில் பெரிய பிரச்சினை சாதாரண உப்பு. பச்சைத் தோல் அழுகாமல் இருக்க உப்பை அப்பித்தான் கொண்டுவருவார்கள். முதல் வேலையே அதைக் கழுவி விடுவது. குரோமியம் பெரும்பாலும் மண்ணிலும் சேற்றிலும் ஒட்டிக்கொள்ளும். குளோரைடு எதிலும் ஒட்டாது, மக்காது, தண்ணீர் போகும் இடமெல்லாம் போகும். வேலூர் குடிமக்கள் நலமன்ற வழக்கில் உச்ச நீதிமன்றம் 1996-ல் தீர்ப்பு சொன்னபோது, அன்றைய செங்கை எம்.ஜி.ஆர். மாவட்டமும் அதில் இருந்தது. டேனரி ஒவ்வொன்றுக்கும் 10,000 ரூபாய் அபராதம், சுத்திகரிப்பு இல்லாவிட்டால் மூடல். பல்லாவரம் பக்கத்துக்குப் பொதுச் சுத்திகரிப்பு நிலையமும் வந்தது. ஆனால் வழக்கமான சுத்திகரிப்பில் அழுக்கு போகும், குரோமியம் போகும், கரைந்த உப்பு போகாது. அதற்கு ஆர்.ஓ. வேண்டும். குரோம்பேட்டை நிலத்தடி நீரில் டேனரிகளின் பாதிப்பைப் பற்றி அண்ணா பல்கலைக்கழகத்தார் ஆய்வுக் கட்டுரையே எழுதியிருக்கிறார்கள்.

ஒரு துப்பறியும் வித்தையும் உண்டு. கடல்நீரில் குளோரைடு, புரோமைடு விகிதம் எடைக்கணக்கில் சுமார் 290. உப்பளத்தில் உப்பு படியும்போது புரோமைடு பெரும்பாலும் மிச்ச நீரிலேயே தங்கிவிடும். அதனால் மூட்டை உப்பு கரைந்த தண்ணீரில் இந்த விகிதம் பல மடங்கு ஏறும். எங்கள் பக்கத்து லேபில் புரோமைடு பார்ப்பதில்லை. பார்த்தவரை ரிப்போர்ட் இதுதான்: குளோரைடு 510, குரோமியம் கண்டறியும் அளவுக்குக் கீழே, நைட்ரேட் 88.

அந்த 88-ஐ முதலில் நான் கவனிக்கவே இல்லை. டேனரிக்கு ஆதாரம் தேடிக்கொண்டிருந்தேன். நாகல்கேணி ஜி.எஸ்.டி. ரோட்டுக்கு மேற்கே, தரை அங்கே அடையாறு பக்கம் சரிகிறது. நாங்கள் தண்டவாளத்துக்குக் கிழக்கே. எங்கள் தெருத் தண்ணீர் சிட்லபாக்கம் ஏரிப் பக்கம் போய், செம்பாக்கம் வழியாகக் கடைசியில் பள்ளிக்கரணையில் சேரும். அங்கே கொட்டிய உப்பு இங்கே வர வழியைத் தேடித் தேடிப் பார்த்துத் தோற்ற பிறகுதான் நைட்ரேட் வரியைத் திரும்பப் படித்தேன். வரம்பு 45. கடல்நீரில் நைட்ரேட் இல்லை என்றே சொல்லலாம். இது செப்டிக் டேங்க். பாதாளச் சாக்கடை இந்தப் புறநகருக்கு வந்தது நேற்று மாதிரி. அதற்கு முன் பல பத்தாண்டுகள் ஒவ்வொரு வீடும் முன்பக்கம் கிணற்றில் இறைத்து, பின்பக்கம் குழியில் விட்டது. மனிதக் கழிவோடு உப்பும் போகும். சாப்பாட்டு உப்பு வேறு எங்கே போகும்? இப்போது ஆர்.ஓ. மெஷின் கழிவு, சாஃப்ட்னர் கழுவிய உப்புநீர் எல்லாம் சேர்த்தி. எங்கள் வளாகத்திலேயே பழைய குழி கிணற்றிலிருந்து பதினோரு அடி தூரத்தில் இருக்கிறது. அதற்கு மேலேதான் என் ஸ்கூட்டரை நிறுத்துகிறேன்.

ஜூலை கூட்டத்தில் இதைச் சொன்னபோது கொஞ்ச நேரம் யாரும் பேசவில்லை. கடல் என்றால் யாரும் ஒன்றும் செய்ய முடியாது, மூடிவிடலாம். டேனரி என்றால் திட்டிவிட்டு மூடிவிடலாம். நாமே என்றால்? பெரியவர்தான் முதலில் பேசினார்: "அப்ப மழைத் தண்ணிய உள்ள விட்டா கழுவிட்டுப் போயிடுமா?" மெதுவாக, சில வருஷங்களில், புதிதாக உப்பு சேராமல் இருந்தால், என்றேன். பழைய குழியைத் தூர் வாரி மூடினோம். சாஃப்ட்னர் கழிவைச் சாக்கடைக்குத் திருப்பினோம். மொட்டைமாடிக் குழாயை ஜல்லி, மணல் வடிகட்டி வைத்துக் கிணற்றுக்குள் விட்டோம். செலவு இருபத்தி மூவாயிரம், இரண்டு பேர் இன்னும் தரவில்லை. கார்கள் தெருவில்தான் நிற்கின்றன.

மே மாதம் டிடிஎஸ் 1,880. டிசம்பர் இரண்டாம் ஞாயிறு அளந்தது: தண்ணீர் 2.6 மீட்டரில், டிடிஎஸ் 1,240. ஒரு மழைக்காலத்தை வைத்து எதுவும் சொல்ல முடியாது. மேலே புதுத் தண்ணீர் மிதக்கிறது, அவ்வளவாகவும் இருக்கலாம். அடியில் அளக்க நீளமான ஒயர் வைத்த புரோப் ஆர்டர் போட்டிருக்கிறேன். வரும் மே மாதம் மறுபடி எழுதுகிறேன்.