நேரலையும் கமிட்டும்: ஏற்காட்டு மலையில் வைத்து ஓர் ஒப்பீடு

மாணவர்கள் நடத்தும் திறமூலத் திட்டம் ஒன்றில் நிரலை எல்லாரும் பார்க்க நேரலையில் கூடி எழுதுவதா, அவரவர் தனியே எழுதி, மாற்றத்தைச் சேர்க்கக் கோரும் புல் ரிக்வெஸ்டாக அனுப்புவதா? இந்தக் கேள்வியைச் சமவெளியில் கேட்டால் விருப்பம் சார்ந்த விஷயமாக முடிந்துவிடும். ஏற்காட்டில் கேட்டால் நிலவியலும் பேச வந்துவிடுகிறது. சேலத்துக் கல்லூரிகளுக்கும் ஏற்காடு இருக்கும் சேர்வராயன் மலைக்கும் இடையே 20 கொண்டை ஊசி வளைவுகள். அந்த ஏற்றத்தை இரண்டு முறைகளும் எப்படிக் கடக்கின்றன என்று பார்ப்போம்.

மாலைப் பேருந்தைப் பிடித்தாக வேண்டிய மலை மாணவர், கல்லூரி முடிந்தபின் ஆய்வுக்கூடத்தில் நடக்கும் கூட்டு வேலைக்கு இருக்க முடியாது. நேரலை அவருக்குப் பேருந்தை மிச்சப்படுத்துகிறது: வீட்டிலிருந்தே அமர்வில் சேரலாம். நிரல் மாற்றங்களைக் கமிட்டுகளாகப் பதிந்து காக்கும் கிட் அவருக்குச் சிக்னலை மிச்சப்படுத்துகிறது: திட்டத்தின் முழு வரலாறும் லேப்டாப்பிலேயே இருப்பதால், மழையில் இணைப்பு அறுந்த இரவிலும் கமிட் செய்து வைத்துக்கொண்டு, மறுநாள் சேலத்தில் இறங்கியதும் அனுப்பலாம். ஒன்று தூரத்தை வெல்கிறது. மற்றொன்று இணைப்பின்மையை வெல்கிறது. மலைக்கு இரண்டு தடைகளும் உண்டு என்பதால், ஒன்றைத் தேர்ந்து மற்றதை விட்டுவிட இங்கே வழியில்லை.

செலவுக் கணக்கில் சமநிலை குலைகிறது. நொடிக்கு 2.5 மெகாபிட் வேகத்தில் திரையைக் காணொளியாக அனுப்பினால் ஒரு மணி நேரத்துக்கு ஏறத்தாழ 1.1 ஜிபி தேவை. நாளொன்றுக்கு 1.5 ஜிபி தரும் மொபைல் பேக்கில் முக்கால் பங்கு அங்கேயே தீர்ந்துவிடும். நாற்பது வரி மாற்றம் கொண்ட ஒரு பேட்ச்சோ இரண்டு மூன்று கேபிக்குள் அடங்கும். நேரலைக்கு வக்காலத்து வாங்குகிறவர்கள் பெரும்பாலும் வைஃபை உள்ள அறையிலிருந்து பேசுகிறவர்கள் என்பது என் ஐயம்.

இவ்வளவு தூரம் விலகி நிற்கும் இரண்டும் உள்ளே ஒரே உத்தியைப் பயன்படுத்துகின்றன என்பதுதான் வியப்பு. காணொளிச் சுருக்கம் ஒவ்வொரு சட்டகத்தையும் முழுதாக அனுப்புவதில்லை. அவ்வப்போது ஒரு முழுப் படம். இடையில், மாறிய பகுதிகள் மட்டும். கிட்டும் ஒவ்வொரு கமிட்டையும் முழு நிலையாகக் குறித்துக்கொண்டாலும், பேக் கோப்பாகச் சுருக்கும்போது வேறுபாடுகளையே சேமிக்கிறது. ஆக இருவருமே வேறுபாட்டு வணிகர்கள். ஆனால் இழப்பை எதிர்கொள்ளும் விதத்தில் குணம் மாறுகிறது. நேரலையில் ஒரு பொட்டலம் தொலைந்தால் படம் ஒரு கணம் கட்டம் கட்டமாகக் கலங்கி மீளும், பார்ப்பவர் பொறுத்துக்கொள்கிறார். கிட்டில் ஒரு பிட் பிறழ்ந்தாலும் ஹாஷ் பொருந்தாது, ஏற்க மறுத்துவிடும். ஒன்றுக்கு ஓட்டம் முக்கியம், மற்றதற்கு உண்மை முக்கியம்.

இவற்றுள் நேரலைதான் புதியது என்று எண்ணுவது இயல்பு. ஆனால் 1968 டிசம்பர் 9 அன்றே சான் பிரான்சிஸ்கோவில் கணினி ஆய்வாளர் டக்ளஸ் எங்கல்பார்ட், மென்லோ பார்க்கில் இருந்த சக ஊழியருடன் ஒரே திரையில் உரையைத் திருத்திக் காட்டினார். கிட் பிறந்தது 2005இல். கூடி எழுதும் கனவுக்கு 37 வயது மூப்பு.

தமிழ்நாட்டு மாணவருக்கு இந்த ஒப்பீட்டில் மிகக் கூர்மையான இடம் மொழி. புல் ரிக்வெஸ்டின் விளக்கத்தை ஆங்கிலத்தில் எழுத வேண்டும் என்ற வழக்கமே பலரை வாசலில் நிறுத்திவிடுகிறது. நிரல் சரியாக இருக்கும். அதற்கு மேல் எழுத வேண்டிய மூன்று வரிக்காக அது லேப்டாப்பிலேயே தூங்கும். நேரலையில் அந்தத் தயக்கம் கிடையாது. "அண்ணா, அந்த வரி எதுக்கு?" என்று கேட்டுவிடலாம். காஞ்சி லினக்ஸ் பயனர் குழு ஞாயிறு மாலைகளில் ஜிட்சி என்ற காணொளிக் கூட்டக் கருவி வழியே தமிழில் கூடிப் பேசுவது இதற்குக் கண்முன் உள்ள சான்று. அந்த ஜிட்சியே 2003இல் ஸ்ட்ராஸ்பர்க் பல்கலைக்கழகத்தில் எமில் இவோவ் தொடங்கிய மாணவர் திட்டம்தான். கருவியின் பூர்வீகம் வகுப்பறை என்றால், வகுப்பறைக்கு அதை மீட்டுக்கொள்ள முழு உரிமை உண்டு.

நேரலை காட்டுவது இன்னொன்றும் உண்டு: தடுமாற்றம். சீனியர் ஒருவர் பைத்தானில் ஒரு முக்காற்புள்ளியை விட்டுவிட்டு, பிழைச் செய்தியை இருமுறை படித்து, தேடி, தலையைச் சொறிந்து கண்டுபிடிப்பதை முதலாண்டு மாணவர் பார்க்கிறார். இதே வேலை கமிட்டாக வரும்போது ஸ்குவாஷ் செய்யப்பட்டு, அதாவது பல கமிட்டுகள் ஒன்றாக்கப்பட்டு, தவறே நேராததுபோல ஒற்றை வரியாக நிற்கும். ஆயினும் நான்கே ஆண்டுகளில் குழு முழுவதும் மாறிவிடும் மாணவர் திட்டத்தில், இரண்டு மணி நேரப் பதிவைத் திரும்பப் பார்க்கப்போவது யார்? ஏன் இந்த முடிவை எடுத்தோம் என்று மூன்றாம் ஆண்டில் தேடுகிறவருக்குக் கமிட் செய்தி ஒரு நொடியில் கிடைக்கும். காணொளியின் நாற்பத்திரண்டாவது நிமிடம் கிடைக்காது. தட்டச்சு செய்வதை நேரலையாக்குவது வீண். பிழை தேடுவதையும் மறுபார்வையையும் நேரலையாக்கலாம். முடிவை மட்டும் எழுத்தில் வைக்க வேண்டும் என்பது என் தீர்ப்பு.

உரிமை விஷயத்தில் இரண்டும் மோதிக்கொள்கின்றன. நேரலையில் மூன்று பேர் யோசித்து ஒருவர் தட்டச்சு செய்வார். கிட்டின் கமிட்டில் ஆசிரியர் என்ற புலத்தில் ஒருவர் பெயருக்குத்தான் இடம். வேலைக்கு விண்ணப்பிக்கும்போது கிட்ஹப் தளத்தில் தன் பங்களிப்பைக் குறிக்கும் பச்சைக் கட்டங்களைக் காட்டப்போகும் மாணவருக்கு இது சின்ன விஷயம் அல்ல. 2018 ஜனவரியில் கிட்ஹப், 'கோ-ஆத்தர்டு-பை' என்று கமிட் செய்தியின் அடியில் எழுதினால் துணை ஆசிரியர்களையும் கணக்கில் கொள்ளத் தொடங்கியது. அமர்வு முடிந்ததும் அந்த வரிகளைச் சேர்க்க மறந்தால், சத்தமாகப் பேசாத மாணவரே முதலில் விடுபடுகிறார்.

ஆபத்திலும் ஓர் ஒற்றுமை. மறைவுச்சாவி உள்ள கோப்பைத் திரையில் திறந்துவிடுவதும், அதையே தெரியாமல் கமிட் செய்து அனுப்புவதும் ஒரே விபத்து. காணொளியை நீக்கினாலும், வரலாற்றைத் திருத்தினாலும் அதற்குள் யாரோ சாவியை எடுத்திருக்கக்கூடும். இரண்டுக்கும் மருந்து ஒன்றே: சாவியை உடனே செல்லாததாக்கிப் புதியதை உருவாக்குவது.

மலைக்குப் பொருந்தும் நடுவழி ஒன்று ஏற்கெனவே இருக்கிறது. ஆஸ்கினேமா என்ற கருவி டெர்மினலைப் படமாக அல்ல, எழுத்தாகப் பதிவு செய்கிறது. கோப்பைத் திறந்தால் முதல் வரியில் திரையின் அகல உயரம். அடுத்தடுத்த வரிகளில் நேரம், அந்த நேரத்தில் திரையில் தோன்றிய எழுத்துகள், அவ்வளவே. அதை நேரலையாகவும் அனுப்பலாம். முடிந்ததும் கோப்பைக் கிட் களஞ்சியத்திலேயே வைத்துவிடலாம். குரலுக்குத் தனி இணைப்பு வேண்டும். நொடிக்கு 40 கிலோபிட் என்று கொண்டால் மணிக்கு 18 எம்பிதான். இணையப் பக்க வடிவமைப்பு, விளையாட்டு போன்றவை டெர்மினலில் அடங்காது. அவற்றுக்கு அந்த 1.1 ஜிபியைக் கொடுத்துத்தான் ஆக வேண்டும். அந்த அமர்வுகளை மலை மாணவர்கள் கல்லூரியில் இருக்கும் பகல் வேளைக்கு மாற்றினால் போதும்.