காது வைத்த டாலர்

மலேசியாவின் தெலுக் பங்லிமா காராங்கில் இருந்தபடியே பழைய வெள்ளி டாலர்களை இணைய ஏலத்தில் வாங்கி விற்கிறேன். எட்வர்ட் மன்னர் தலை போட்ட நீரிணைக் குடியேற்ற டாலருக்கு எப்போதும் ஆள் உண்டு. ஆனால் படத்தைப் பெரிதாக்கி முதலில் விளிம்பைத்தான் பார்ப்பார்கள். அங்கே பற்றாசுத் தடம் தெரிந்தால், ‘நகைக்காசு’ என்று விலையை இறக்கிவிடுவார்கள்.

அந்தத் தடம் எனக்குப் பழக்கமானது. தாத்தா கிள்ளானில் பத்தர். கேரித் தீவு, பந்திங் பக்கத்து ரப்பர் தோட்டத்துப் பெண்கள் மிச்சம் பிடித்த டாலரை அவரிடம் கொண்டுவருவார்களாம். வெங்காரம் தடவி, ஊதுகுழலால் ஊதி, கழுத்தில் மாட்ட வளையமாக ஒரு காது வைத்துக் கொடுப்பார். வங்கி வாசல் மிதிக்காதவர்களுக்குக் கழுத்துதான் பெட்டகம்.

1903இல் பம்பாயில் அடித்த நீரிணை டாலர் 26.95 கிராம்; பத்தில் ஒன்பது பங்கு வெள்ளி. மெக்சிகோ டாலர்களை ஓரங்கட்ட வந்தது அது. 1906இல் அதன் மதிப்பை இரண்டு ஷில்லிங் நாலு பென்ஸ் என்று கட்டினார்கள். வெள்ளி விலையோ ஏறிக்கொண்டிருந்தது. செலவழிப்பதைவிட உருக்குவதில் லாபம் என்று ஆகிவிடும் அல்லவா? 1907இல் எடையை 20.2 கிராமாகக் குறைத்தார்கள். பெரிய காசுகளில் பெரும்பகுதியைத் திரும்பப் பெற்று உருக்கினார்கள். 1919இல் வந்தது 16.85 கிராம்தான், அதிலும் பாதிதான் வெள்ளி.

    

போரில் மலாயாவைப் பிடித்த ஜப்பான்காரன் விட்ட வாழைமர நோட்டு 1945இல் வெறும் காகிதமானது. காது வைத்த காசு வைத்திருந்தவர்கள் அதை விற்று அரிசி வாங்கினார்கள் என்று அப்பா சொல்வார். அப்படிப்பட்ட காசைத்தான் ஏலத்தில் ‘பழுது’ என்கிறார்கள். என்னைக் கேட்டால், நம் தோட்டத்து வரலாறு எழுதியிருப்பது அந்த விளிம்பில்தான்.

சிலர் காதை அராவி, மெருகு போட்டு நல்ல காசு என்று விற்கிறார்கள். அதை நான் தொடுவதில்லை. உங்கள் வீட்டுப் பெட்டியில் ஒன்று கிடந்தால் அராவாதீர்கள், புளி போட்டுத் தேய்க்காதீர்கள். போலிகள் நிறைய உலவுகின்றன; தராசில் நிறுத்துப் பாருங்கள். காதோடு சேர்த்தும் எடை குறைந்தால் சந்தேகப்படுங்கள். எந்தத் தோட்டம், யார் கழுத்தில் கிடந்தது என்று பெரியவர்களைக் கேட்டு ஒரு சீட்டில் எழுதி வையுங்கள். விற்பதானால் சீட்டையும் சேர்த்தே விற்றுவிடுங்கள்.