ஆறாம் மாதத்துச் சிறுநீர்ச் சோதனை

ஜப்பானில் ஒரு காலத்தில் குழந்தைக்கு ஆறு மாதம் ஆனதும் தாய்மார்களுக்கு ஒரு வேலை இருந்தது. குழந்தையின் சிறுநீரில் வடிதாளை நனைத்து, உலர்த்தி, தபாலில் சோதனைக்கூடத்துக்கு அனுப்புவார்கள்.

தேடப்பட்டது நியூரோபிளாஸ்டோமா என்னும் புற்றுநோய். அட்ரீனல் சுரப்பியிலும் முதுகெலும்பை ஒட்டிய நரம்புத் திசுக்களிலும் வளரும் இந்தக் கட்டி, பெரும்பாலும் வி.எம்.ஏ. என்ற கழிவுப்பொருளைச் சிறுநீரில் கூட்டிவிடும். ஒரு வயதுக்குள் நோய் தெரிந்த குழந்தைகளில் பெரும்பாலோர் பிழைத்தார்கள். வயது கூடக்கூட நிலைமை மோசமானது. முந்திக்கொண்டால் காப்பாற்றலாம் என்ற நம்பிக்கையில் 1970களின் தொடக்கத்தில் கியோட்டோவில் பிறந்த திட்டம், 1980களின் நடுவில் நாடு முழுவதும் பரவியது.

சோதனையில் சிக்கிய குழந்தைகள் ஏறக்குறைய எல்லோரும் பிழைத்தார்கள். வெற்றி என்றே தோன்றியது. ஆனால் வேறொரு தடயம் முன்பே இருந்தது. பிற காரணங்களால் இறந்த பச்சிளங்குழந்தைகளின் அட்ரீனல் சுரப்பியை ஆராய்ந்த அமெரிக்க நோயியலாளர்கள் பெக்வித்தும் பெரினும், இதே கட்டியின் நுண்வடிவத்தை எதிர்பார்த்ததைவிடப் பல மடங்கு அதிகமாகக் கண்டதை 1963இல் எழுதியிருந்தார்கள். பெரும்பாலானவை தாமாகவே மறைந்துவிடுகின்றன என்பதுதான் அதன் பொருள்.

நன்றாகப் பால் குடித்து, புரண்டு விளையாடும் குழந்தை, பெற்றோர் கையில் வி.எம்.ஏ. கூடுதல் என்ற முடிவு. அடுத்து ஸ்கேன், அறுவை சிகிச்சை, சிலருக்குக் கீமோதெரபி. தொந்தரவே தராமல் கரைந்திருக்கக்கூடிய கட்டிக்காகப் பிஞ்சு உடல்கள் கத்தியையும் கடும் மருந்தையும் தாங்கின. சிகிச்சையின் விளைவால் இறந்த குழந்தைகளும் உண்டு.

கனடாவின் கியூபெக் மாகாணத்தில் 1989 முதல் 1994 வரை பிறந்த குழந்தைகளிடமும், ஜெர்மனியில் ஒரு வயதை ஒட்டிய சுமார் 14.8 லட்சம் குழந்தைகளிடமும் இத்தகைய சோதனையை நடத்திப் பார்த்த ஆய்வுகள் 2002இல் ஒன்றாக வெளிவந்தன. நோயாளிகளின் எண்ணிக்கை ஏறியது, இறப்பு குறையவில்லை. சோதனை பிடித்தவற்றில் பெரும்பாலானவை சாதுவான கட்டிகள். உயிரைப் பறிக்கும் வகையோ பல வேளைகளில் சோதனைக்குத் தப்பிப் பிறகு தலைகாட்டியது.

ஜப்பான் 2004இல் திட்டத்தை நிறுத்தியது. இறப்பு குறைந்தது என்று வாதிட்ட ஜப்பானிய ஆய்வு ஒன்று 2008இல் வந்தாலும் திட்டம் திரும்பவில்லை.

மருத்துவர்களின் அணுகுமுறையும் மாறியது. ஆறு மாதத்துக்கு உட்பட்ட குழந்தைகளின் சிறு அட்ரீனல் கட்டிகளை வெட்டாமல், ஸ்கேனிலும் சிறுநீர்ச் சோதனையிலும் தொடர்ந்து கவனித்த அமெரிக்க ஆய்வு 2012இல் வெளியானது. கவனிப்பில் இருந்த 83 குழந்தைகளில் 81 விழுக்காட்டினருக்கு அறுவை சிகிச்சையே தேவைப்படவில்லை. மூன்றாண்டு உயிர்பிழைப்பு விகிதம் 100 விழுக்காடு.