திரவங்களின் பௌதிக குணங்கள்

பதார்த்தங்களைத் திடம், திரவம், வாயு என்று மூன்றாக வகுக்கும் வழக்கம் பழையதாயினும், பாய்ம இயக்கவியல் என்னும் சாஸ்திரத்தைக் கற்கப் புகுவோர் முதலில் மனத்தில் கொள்ளவேண்டிய பாகுபாடு வேறொன்றாகும். ஒரு பொருளின் ஒரு படலத்தை அதற்கு அடுத்த படலத்தின்மேல் பக்கவாட்டில் நகர்த்த முயலும் விசைக்கு ஆட்பட்ட திடப்பொருள், சிறிது உருத்திரிந்தபின் எதிர்த்து நின்றுவிடும். திரவமும் வாயுவுமோ, அவ்விசை எத்துணை அற்பமாக இருப்பினும், அது நீடிக்கும் வரையில் நகர்ந்துகொண்டே இருக்கும். ஆதலால் இவ்விரண்டுக்கும் பாய்மம் என்னும் பொதுப்பெயர் வழங்குகிறது. இவற்றுள் வாயு, தன்னை அடைத்த கலம் முழுவதும் பரவிவிட, திரவம் மட்டும் தனக்குரிய கன அளவை விட்டுக்கொடாமல், தனக்கென ஒரு மேற்பரப்பையும் வைத்துக்கொள்கிறது. கீழே விவரிக்கப்படும் குணங்கள் யாவும் இந்த ஸ்வபாவத்தின் வெவ்வேறு தோற்றங்களே எனலாம்.

அடர்த்தி என்பது ஒரு கன மீட்டர் திரவத்தின் நிறை. தூய நீருக்கு இது 4 டிகிரி சென்டிகிரேடில் உச்சத்தை எட்டி ஏறக்குறைய 1,000 கிலோகிராமாகவும், கடல்நீருக்குச் சுமார் 1,025 ஆகவும், பாதரசத்துக்கு 13,600 ஆகவும் உள்ளது. வெப்பம் குறையக் குறையத் திரவங்கள் சுருங்குவதே பொது விதியாயிருக்க, நீர் மட்டும் 4 டிகிரிக்குக் கீழே மறுபடியும் விரிவதாலும், உறைந்த பனிக்கட்டியின் அடர்த்தி 917ஆகக் குறைந்துவிடுவதாலும், குளிர்தேசத்து ஏரிகள் மேலிருந்து உறைகின்றன. அடியில் மீன்கள் பிழைத்திருக்கின்றன.

திரவம் அமுங்குமா என்ற வினா நெடுங்காலம் தீராமல் இருந்தது. பதினேழாம் நூற்றாண்டில் புளோரன்ஸ் நகரத்து அகாதமியா டெல் சிமெண்டோ என்னும் சபையார், வெள்ளியாலான உள்ளீடற்ற உருண்டையில் நீரை நிரப்பி, வாயை அடைத்துச் சம்மட்டியால் நசுக்கியபோது, நீர் அமுங்குவதற்குப் பதிலாக உலோகத்தின் நுண்துளைகள் வழியே முத்துமுத்தாகக் கசிந்தது. 1667இல் வெளியான இப்பரிசோதனையைப் பிற்காலத்தார் பலர், நீர் அமுங்காது என்பதற்குப் பிரமாணமாகக் கொண்டனர். லண்டனில் பள்ளி ஆசிரியராக இருந்த ஜான் காண்டன் 1762இல் நுட்பமான பரிசோதனைகளால் அக்கருத்தை மறுத்தார். வளிமண்டல அழுத்தம் ஒரு மடங்கு கூடினால் நீரின் கன அளவு பத்து லட்சத்தில் சுமார் 46 பங்கு குறைகிறது. அற்பம் என்று இதனைத் தள்ளிவிடலாகாது. நீர், எஃகைக் காட்டிலும் 70, 80 மடங்கு எளிதாக அமுங்கும் பொருள் என்பதையும், பசிபிக் சமுத்திரத்தின் 11 கிலோமீட்டர் ஆழத்தில் கடல்நீர் நூற்றுக்கு 5 பங்கு அளவுக்கு அடர்ந்திருக்கிறது என்பதையும் நினைவில் வைக்கவேண்டும். விறைப்பான நீண்ட குழாயில் விநாடிக்கு 1 மீட்டர் வேகத்தில் ஓடும் நீரை அடைப்பான் கொண்டு திடீரென்று நிறுத்தினால், அங்கே வளிமண்டலத்தைப்போல் ஏறக்குறைய 14 மடங்கு அழுத்தம் எழும்பி ஒலியின் வேகத்தில் குழாய் நெடுகப் பாய்கிறது. 1890களின் இறுதியில் மாஸ்கோவின் குடிநீர்க் குழாய்களில் ஷுக்கோவ்ஸ்கி என்னும் அறிஞர் ஆராய்ந்தது நீரடி எனப்படும் இந்நிகழ்வைத்தான்.

இனிச் சொல்லப்போவது பாகுநிலை. திரவங்களின் குணங்களுள் இதுவே தலையானது என்பது என் அபிப்பிராயம். ஏனெனில், இதனைக் கணக்கில் கொள்ளாத சித்தாந்தம் எத்துணை அழகியதாயினும் அனுபவத்தோடு பொருந்துவதில்லை. பாகுநிலை சிறிதும் அற்ற கற்பனைப் பாய்மத்தில் சீரான வேகத்தோடு செல்லும் பொருளுக்கு எதிர்ப்பே இராது என்ற முடிவை 1752இல் கணித வழியாகக் கண்ட தலாம்பேர், அதைக் கண்டு தாமே திகைத்தார்; படகோட்டி எவனும் அதனை ஒப்பமாட்டான். பக்கத்துப் பக்கப் படலங்கள் வெவ்வேறு வேகத்தில் செல்லும்போது, விரைந்து செல்வதைப் பின்னிழுப்பதும், பின்தங்கியதை முன்னிழுப்பதுமாகிய உள் உராய்வு, அவ்வேக வேறுபாட்டின் வீதத்துக்கு நேர்விகிதத்தில் இருக்கும் என்பது நியூட்டன் 1687இல் வெளியிட்ட பிரின்கிப்பியாவில் கொண்ட அனுமானம். இதற்கு உட்படும் நீர், பாதரசம், எண்ணெய்கள் முதலியவற்றை நியூட்டானியத் திரவங்கள் என்றும், உட்படாத இரத்தம், வண்ணப்பூச்சு முதலியவற்றை நியூட்டானியம் அல்லாதவை என்றும் பிரிப்பது மரபு.

கனத்த திரவம் பாகுநிலை மிக்கதாய்த்தான் இருக்கும் என்று எண்ணுவது பலரிடம் காணும் மயக்கம். நீரைவிட 13 மடங்குக்கு மேல் கனத்த பாதரசத்தின் பாகுநிலை, நீரினுடையதைப்போல் ஒன்றரை மடங்கே. நீரில் மிதக்கும் ஆமணக்கெண்ணெயின் பாகுநிலையோ, 20 டிகிரியில் சுமார் 1,000 மடங்கு. பாகுநிலையை அடர்த்தியால் வகுத்து வரும் இயக்கப் பாகுநிலையைக் கருதினால், பாதரசம் நீருக்கும் கீழே, அதில் ஒன்பதில் ஒரு பங்காக இறங்கிவிடுகிறது.

வெப்பம் ஏறினால் திரவத்தின் பாகுநிலை குறையும். நீருக்கு 0 டிகிரியில் 1.79 மில்லிபாஸ்கல் விநாடியாக இருப்பது 20 டிகிரியில் 1.00 ஆகவும், 100 டிகிரியில் 0.28 ஆகவும் தாழ்கிறது. வாயுக்களிலோ இது நேர்மாறாகும். திரவத்தில் மூலக்கூறுகள் ஒன்றையொன்று பற்றியிருக்கும் பிணைப்பை உஷ்ணம் தளர்த்துகிறது. வாயுவில் அவை படலம் விட்டுப் படலம் பாய்ந்து உந்தத்தைப் பரிமாறிக்கொள்வதை அதே உஷ்ணம் பெருக்குகிறது. குருதியோட்டத்தை அறியவேண்டி நுண்ணிய கண்ணாடிக் குழாய்களில் நீரைச் செலுத்தி அளந்த பிரெஞ்சு மருத்துவர் புவாசேய், படலம் கலையாத சீரான ஓட்டத்தில், குழாயின் விட்டத்தினுடைய நான்காம் அடுக்குக்கு ஏற்பப் பாயும் அளவு அமைகிறது என்று 1840களில் நிறுவினார். விட்டம் பாதியானால், அதே அழுத்தத்தில் வரும் நீர் 16இல் ஒரு பங்காகக் குறைந்துபோகும்.

பாகுநிலையின் மேல் எல்லையை விளக்கும் பரிசோதனை ஒன்று ஆஸ்திரேலியாவின் குவீன்ஸ்லாந்து பல்கலைக்கழகத்தில் நடந்துவருகிறது. சம்மட்டியால் அடித்தால் சில்லுசில்லாக உடையும் கருங்கீலை, தாமஸ் பார்னெல் என்னும் பேராசிரியர் 1927இல் உருக்கிப் புனலில் ஊற்றி, 1930இல் அதன் அடிக்காம்பை வெட்டித் திறந்துவிட்டார். 2014 வரையில் விழுந்த துளிகள் ஒன்பதே. அக்கீலின் பாகுநிலை, நீரினுடையதைப்போல் ஏறக்குறைய 23,000 கோடி மடங்கு என்று கணித்திருக்கிறார்கள். பார்வைக்குத் திடமாயினும், இலக்கணத்தின்படி அது திரவமே.

திரவத்தின் உள்ளே இருக்கும் மூலக்கூறு எல்லாத் திசைகளிலும் சமமாக ஈர்க்கப்பட, மேற்பரப்பில் உள்ளது உள்நோக்கியே இழுக்கப்படுவதால், மேற்பரப்பு இழுத்துக் கட்டிய தோல்போல் சுருங்கப் பார்க்கிறது. இதுவே பரப்பு இழுவிசை; 20 டிகிரியில் நீருக்கு மீட்டருக்கு 0.073 நியூட்டன், பாதரசத்துக்கு அதைப்போல் ஆறு மடங்குக்கும் மேல். 1 மில்லிமீட்டர் விட்டமுள்ள சுத்தமான கண்ணாடிக் குழாயில் நீர் ஏறக்குறைய 30 மில்லிமீட்டர் ஏறுவதும், கண்ணாடியில் ஒட்டாத பாதரசம் அதே குழாயில் தாழ்ந்து நிற்பதும் இதன் விளைவுகள். கொள்கையை யங் 1805இலும் லாப்லாஸ் 1806இலும் வகுத்தனர். ஆயினும், நீர்ப்பரப்பில் படிந்த எண்ணெய் அவ்விசையை எவ்வாறு குறைக்கிறது என்று நுட்பமாக அளந்தவர், பல்கலைக்கழகத்தில் கால்வைக்க வாய்ப்பின்றி, ஜெர்மனியின் பிரவுன்ஷ்வைக் நகரில் வீட்டுப் பணிகளைக் கவனித்துவந்த ஆக்னஸ் போக்கெல்ஸ் என்னும் பெண்மணி. அவர் எழுதிய கடிதத்தின் அருமையை உணர்ந்த ராலே பிரபு, அதனை 1891இல் நேச்சர் பத்திரிகையில் வெளிவரச் செய்தார்.

மேற்பரப்பைவிட்டு மூலக்கூறுகள் தப்பி ஆவியாவதும், ஆவி மீண்டும் திரவத்தில் சேர்வதும் சமமாகும் நிலையில் அந்த ஆவி செலுத்தும் அழுத்தமே ஆவி அழுத்தம். நீருக்கு இது 20 டிகிரியில் வளிமண்டல அழுத்தத்தில் நூற்றுக்கு 2.3 பங்காகவும், 100 டிகிரியில் அதற்குச் சமமாகவும் இருக்கிறது. ஓடும் திரவத்தின் அழுத்தம் எங்கேனும் இவ்வெல்லைக்குத் தாழ்ந்தால், சூடேற்றாமலே அங்கே குமிழிகள் தோன்றி, அழுத்தம் மிக்க இடத்தை அடைந்ததும் நொறுங்கி, எஃகையும் வெண்கலத்தையும் அரித்துவிடும். நீராவி டர்பைனைக் கண்டுபிடித்த பார்சன்ஸ், தமது டர்பீனியா கப்பல் எதிர்பார்த்த வேகத்தை எட்டாததற்கு இக்குமிழிகளே காரணம் என்று கண்டு, ஒரு தண்டுக்குப் பதில் மூன்று தண்டுகளை அமைத்து, 1897இல் அதனை 34 நாட் வேகத்துக்குமேல் ஓட்டிக்காட்டினார்.

வளிமண்டலம் தாங்கக்கூடிய நீர்த்தம்பம் சுமார் 10.3 மீட்டர் உயரமே ஆதலால், எத்துணை வலிய பம்பும் அதற்குக் கீழிருந்து நீரை உறிஞ்ச முடியாது. நீரின் உஷ்ணம் ஏற ஏற, ஆவி அழுத்தத்தின் அளவுக்கு இவ்வுயரம் குறைந்துகொண்டே வந்து, கொதிநிலையில் முற்றிலும் அற்றுப்போகிறது. அனல்மின் நிலையங்களில் கொதிகலனுக்கு வெந்நீர் ஊட்டும் பம்பைக் கீழே வைத்து, அதற்கு நீர் தரும் தொட்டியைப் பல மீட்டர் உயரத்தில் அமைப்பது இதனாலேதான்.