வானலையில் வந்த அயற்குரல்கள்

கடல் கடந்து வருவோரைப் பழவேற்காட்டு ஏரிக்கரை நெடுங்காலமாக அறியும். பதினாறாம் நூற்றாண்டில் போர்த்துக்கீசியர் வந்தனர். 1613-இல் ஒல்லாந்தர் கெல்திரியாக் கோட்டையை எழுப்பினர். துணி வாணிகத்தை நாடி வந்த அவர்தம் கல்லறைகள் இன்றும் அங்குள்ளன.

இருபதாம் நூற்றாண்டிலோ அயல்நாட்டு அரசுகள் கப்பலின்றியே வந்தன. வானின் மேலடுக்கில் பட்டுத் திரும்பும் சிற்றலைக்குக் கடல் எல்லையன்று. மின்கலத்தில் இயங்கும் சிறு வானொலிப் பெட்டி ஒன்றிருந்தால், மீனவர் குப்பத்திலும் இலண்டனைக் கேட்கலாம்.

இரண்டாம் உலகப்போரின் நடுவே, 1941-இல், பிரித்தானிய அரசின் நிதியில் பி.பி.சி. தமிழில் ஒலிபரப்பத் தொடங்கியது. இந்திய-சீனப் போருக்கு மறு ஆண்டான 1963-இல் பீகிங் வானொலி தமிழ் பேசிற்று. மாஸ்கோவும் பேசிற்று. நம் அரசும் அகில இந்திய வானொலி வழியே இலங்கைத் தமிழரிடம் பேசிற்று. தமிழ்மீது கொண்ட காதல் மட்டுமா இவர்களைப் பேசவைத்தது? போரும் கொள்கையும் அன்றோ பின்னின்றன!

ஆயினும், நோக்கம் உடையதெல்லாம் பொய்யாகிவிடாது. ஈழப் போர்க்காலத்தில் செய்தியறியத் தமிழோசையை நம்பிக் காத்திருந்தோர் பலர். அதன் வானொலி ஒலிபரப்பு 2017-இல் நின்றபோது அவர்கள் வருந்தினர்.

1931-இல் திருத்தந்தை பதினோராம் பத்திநாதர் தொடங்கிவைக்க, மார்க்கோனி அமைத்த வத்திக்கான் வானொலியும் ஓர் அரசின் குரலே. உவப்பான குரலுக்கும் உரைகல் ஒன்றே: பேசுவோர் யார்? எதன்பொருட்டு? எதை விடுத்தனர்? அனைத்தையும் ஆய்ந்து நல்லதைப் பற்றிக்கொள்ளுமாறு தெசலோனிக்கருக்குப் பவுலடியார் அறிவுறுத்தியதும் இதுவே.

வாடையா, கொண்டலா என்றறிந்தே படகைச் செலுத்துவர் நம் மீனவர். கைபேசியில் செய்தி வந்து குவியும் இந்நாளில், அக்காற்றின் திசையையும் நாம் அறிதல் வேண்டும்.